பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. கேரளத்தில் 2001-இல் தொடங்கப்பெற்று, 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறிய கல்வித் திட்டத்தின் வாயிலாக, லினக்ஸ் அப்பகுதி மாணவர்க்கும் அறிமுகமாயிற்று. பாடங்களும், சான்றிதழ்களின் நகல்களும், ஊரிலுள்ள நிலப் பத்திரத்தின் படமும் நம் வீட்டு மடிக்கணினியிலேயே சேர்கின்றன. நாளடைவில் ஹார்டு டிஸ்க் நிரம்பிவிடுகிறது. ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, இவற்றை இழந்தால் மீண்டும் பெறுவது எளிதன்று.

பெரிய வட்டு ஒன்றை வாங்கிக் கோப்புகளை மட்டும் பிரதி செய்தால் போதாதோ எனின், போதாது. கணினியைத் துயிலெழுப்பும் நிரல் கோப்புகளோடு கோப்பாக இருப்பதன்று. பழைய முறையில் அதன் தொடக்கம் வட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ளது. புதிய முறையில் அதற்கெனத் தனிச் சிறு பிரிவு உண்டு. அதனை விட்டுவிடுதல், சாமான்களை வண்டியிலேற்றிச் சாவியைப் பழைய வீட்டில் மறந்தமைக்கு ஒப்பாகும்.

ஆகவே வட்டு முழுவதையும் உள்ளபடியே படியெடுத்தல் வேண்டும். தைவானில் உருவான ‘குளோன்சில்லா’ இதற்கு ஏற்றது, விலையில்லாதது. முதலில் இன்றியமையாத கோப்புகளைப் பென் டிரைவ் ஒன்றில் தனியே காத்துக்கொள்க. புதிய வட்டை யு.எஸ்.பி. உறையில் இட்டு இணைத்து, வேறொரு பென் டிரைவிலிருந்து குளோன்சில்லாவை இயக்குக. எதிலிருந்து எதற்கு என அது வினவும். இங்கே திசை மாறினால் வெற்று வட்டு பழைய வட்டின்மேல் எழுதப்பட்டு, யாவும் அழிந்துபோம். பெயரை நம்பாது, கொள்ளளவைப் பார்த்தே தெரிந்தெடுக்க: சிறியது பழையது, பெரியது புதியது. துலா மழைக் காலத்து மாலை இடிமின்னலைத் தவிர்த்து, மின்கலம் நிறைந்த நிலையில், சார்ஜரும் இணைத்தே தொடங்குக.

படி முடிந்ததும் கணினியை அணைத்துப் புதிய வட்டை உள்ளே பொருத்துக. இரண்டு வட்டுகளுக்கும் அடையாள எண் ஒன்றே ஆதலின், பழையதை உடன் இணைத்து இயக்கலாகாது. புதியதில் எஞ்சிய இடம் வெறுமையாய் நிற்கும். ‘ஜிபார்ட்டெட்’ கொண்டு பிரிவை விரிக்கலாம். பழைய எம்.பி.ஆர். அட்டவணை பொதுவாக 2 டெராபைட் அளவையே அறியும் என்பதையும் நினைவிற் கொள்க.

புதிய வட்டு சில வாரங்கள் பழுதின்றி இயங்கும்வரை பழையதை அழியாது பேணுதல் நலம்.