வெட்டாத வாளுக்கு விலை என்ன?

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 14 கிலோ மீட்டர் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபுறம் இருக்கிற ஊர் அது. சாமி கும்பிட்டுவிட்டு நாலு அடி வைத்தால் கடை வரிசை. ருத்திராட்சம், பொரி, பலூன், பிளாஸ்டிக் துப்பாக்கி, பொத்தானை அமுக்கினால் சிவப்பும் பச்சையுமாக எரிகிற வாள்! குழந்தையின் கண்ணில் அந்த வாள் பட்டுவிட்டதோ, தகப்பனாரின் கிரிவலம் அங்கேயே நின்றுவிடும்.

"என்னப்பா, இந்தப் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு விலையா?" என்று அவர் பேரம் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. வெட்டாத வாளுக்கு எதற்கு விலை?

அவருக்கு ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு சினிமாத் துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' என்ற படத்தில், ஹான் ஸோலோ என்ற ஆகாயக் கப்பல் மாலுமி இடுப்பில் செருகியிருந்த கதிர்த் துப்பாக்கி. கதையில்தான் அது கதிர் கக்கும். வெள்ளித்திரைக்கு வெளியே அதனால் ஒரு மெழுகுவத்தியைக்கூடக் கொளுத்த முடியாது. அதை ஒருவர் எடுத்த விலை 10,57,500 டாலர். நம் பணத்தில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல்!

அசல் ஒன்றுதான். ஆசைப்படுகிறவர்களோ உலகமெங்கும் இருக்கிறார்கள். எட்டுக் கோடிக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அதனால் பிரதி செய்துகொள்கிறார்கள். கடைவீதிப் பொம்மை அல்ல. அசலின் நீளம், கனம், கீறல், அழுக்கு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இதற்காக வருஷக் கணக்கில் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஓட்டை உடைசலில் பிறந்த ஒளிவாள்

இவர்கள் இவ்வளவு பக்தியோடு பிரதி செய்கிற அசல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும்.

'ஸ்டார் வார்ஸ்' 1977-ல் வெளிவந்தது. அதற்கு முந்தின வருஷம் லண்டனில் படப்பிடிப்புக்கு ஆயத்தம் நடந்தது. கையில் பணம் குறைச்சல். காட்சி ஜோடனைக்காரரான ரோஜர் கிறிஸ்டியன் கதாநாயகனுக்கு ஓர் 'ஒளிவாள்' தேடிக்கொண்டிருந்தார். பழைய காமிராச் சாமான் விற்கிற கடை ஒன்றில், 'கிராஃப்ளெக்ஸ்' கம்பெனியின் ஃப்ளாஷ் விளக்குக் கைப்பிடிகள் கிடைத்தன. ஒரு காலத்தில் பத்திரிகைப் படக்காரர்கள் பளிச்சென்று பல்பு எரிய வைத்தார்களே, அந்தப் பளபளப்பான உலோகக் குழாய்தான். அதன் மேல் ரப்பர் பட்டைகளை ஒட்டினார். பழைய கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் பிளாஸ்டிக் குமிழ் வரிசையை நடுவில் செருகினார். இடுப்பில் மாட்ட ஒரு வளையம். தீர்ந்தது வேலை! அண்ட சராசரத்தையும் காக்கும் ஒளிவாள் தயார். அந்தப் படத்தின் கலை அமைப்புக்காக ஆஸ்கார் பரிசு வாங்கினவர்களில் அவரும் ஒருவர்.

படத்தில் வரும் முதிய குருவின் வாள் இதைவிட வேடிக்கை. ஜெட் விமான எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு, முதல் உலக யுத்தத்து எறிகுண்டின் ஓடு, இயந்திரத் துப்பாக்கியின் ஒரு பாகம். இத்தனையும் போதாதென்று, அடியில் மூடியாக வைத்தது என்ன தெரியுமா? குளியலறைக் குழாயின் திருகு!

வில்லன் கூட்டத்தின் சிப்பாய்கள் ஏந்தி வரும் துப்பாக்கிக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அது 'ஸ்டெர்லிங்' என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி. குழலைச் சுற்றிச் சில பட்டைகளை ஒட்டி, மேலே ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் பக்கத்தில் ஓர் எண்ணும் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே ஸ்டெர்லிங்கை உரிமம் பெற்று நம் கான்பூர்த் தொழிற்சாலையிலும் செய்தார்கள். நம் ராணுவத்திலும் போலீஸிலும் 'கார்பைன்' என்ற பெயரில் பல்லாண்டு காலம் புழங்கியது அதுதான். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பாங்கு வாசலில் காவல் நின்ற போலீஸ்காரரின் தோளில் தொங்கியதற்கும், விண்வெளிச் சிப்பாயின் கையில் இருந்ததற்கும் ஒரே பாட்டனார்!

ஏட்டுச் சுவடி தேடினாற்போல

இனிப் பிரதி செய்கிறவரின் பாட்டைப் பார்ப்போம்.

முதலில் அசல் எது என்று தெரிய வேண்டும். படப்பிடிப்பில் ஒரே ஆயுதத்துக்குப் பல உருவங்கள் உண்டு. காமிரா கிட்டே வரும்போது காட்டுவதற்கு நுணுக்க வேலைப்பாடு உள்ளது ஒன்று. கட்டிப் புரண்டு சண்டை போடுவதற்கு ரப்பரில் வார்த்தது ஒன்று. தூரத்தில் கூட்டத்தோடு நிற்பவனுக்கு ஏனோதானோவென்று செய்தது ஒன்று. திரையில் மூன்றும் மாறி மாறி வரும். எந்த வினாடியில் எது வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவருவதற்கு முன், ஊர் ஊராகச் சுவடி தேடி, ஏட்டோடு ஏட்டை ஒத்துப் பார்த்துப் பாடம் கண்டார் அல்லவா? இவர்களும் அந்த ஜாதிதான். ஏடு இருக்கும் இடத்தில் படச்சுருள். பாடபேதம் இருக்கும் இடத்தில் திருகாணி!

1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துத் துப்பாக்கியின் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரிய நாட்டு வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் பாகங்களையும் அமெரிக்கக் கைத்துப்பாக்கி ஒன்றின் பாகங்களையும் கலந்து, சின்னஞ்சிறு விளக்குகள் வைத்துச் செய்தது அது. படம் வந்து வெகுகாலம் அதை வெளியார் யாரும் கிட்டத்தில் பார்த்ததில்லை. திரையில் வருகிற சில வினாடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இருட்டில் யானையைத் தடவுவதுபோல் பிரதி செய்துகொண்டிருந்தார்கள். 2006-ல் அமெரிக்காவில் நடந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் அசல் காட்சிக்கு வந்தது. பாதுகாத்து வைத்திருந்தவர் அதை வெளியே எடுத்தார். அன்று அங்கே கூடினவர்களின் பரவசத்தை, கும்பாபிஷேகத்தில் கலசத்தைப் பார்க்கிற கூட்டத்தோடு ஒப்பிடலாம். நான்கு புறமும் படம் எடுத்தார்கள். அதற்குப் பின் வந்த பிரதிகளின் தரமே வேறு. 2009-ல் அசல் 2,70,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஆடம் ஸாவேஜ் என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரபலமானவர், இந்தத் துப்பாக்கியை ஒரு தடவை செய்து திருப்தியடையாமல், வருஷக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர்.

செய்கிற முறையில் இரண்டு மார்க்கங்கள். ஒன்று, அசலைச் செய்தவர் எந்தச் சாமானைப் பொறுக்கினாரோ, அதையே தேடிப் பிடித்துச் சேர்ப்பது. இதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகளை ஒளிவாள்காரர்கள் வாங்கிக் குவித்ததில் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. பழைய காமிரா சேகரிக்கிற கனவான்கள், "கைப்பிடி இல்லாத ஃப்ளாஷை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?" என்று அழாத குறை.

இன்னொரு மார்க்கம், அச்சு எடுத்து வார்ப்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வார்த்த பொருள் ஆறும்போது ஒரு மயிரிழை சுருங்கும். அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு அச்சு எடுத்தால் இன்னும் ஒரு மயிரிழை. மூன்று தலைமுறை தாண்டினால் முனைகள் மழுங்கி, எழுத்துகள் மங்கி, பாட்டனாரின் சாயல் பேரனிடம் காணாமற் போய்விடும். ஆகவே, அடுத்தவர் உழைத்துச் செய்த பிரதியை வாங்கி, சத்தமில்லாமல் அச்செடுத்து விற்பதை இந்த வட்டாரத்தில் மகா பாவமாகக் கருதுகிறார்கள். "என் கையால் செய்தது, அசல் அல்ல, பிரதி" என்று சொல்லி விற்பவன் தொழிலாளி. அதையே 'அசல்' என்று விற்பவன் திருடன். சாமான் ஒன்றுதான், சொல்கிற வார்த்தையில் இருக்கிறது வித்தியாசம்!

கோர்ட்டும் போலீஸும்

இந்தப் பொருள்கள் கலையா, வெறும் தட்டுமுட்டா? இந்தக் கேள்வி இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 'ஸ்டார் வார்ஸ்' சிப்பாய்களின் தலைக்கவசத்தை 1976-ல் வார்த்துக் கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். பின்னாளில் அதன் பிரதிகளை அவரே விற்க ஆரம்பித்தார். படக் கம்பெனி வழக்குப் போட்டது. 2011-ல் தீர்ப்பு வந்தது: தலைக்கவசம் சிற்பம் அல்ல, படம் எடுக்கிற காரியத்துக்கு உதவிய ஒரு சாமான். சிற்பத்துக்கு உண்டான பாதுகாப்பு அதற்கு அந்த நாட்டில் கிடையாது! லட்சக் கணக்கில் ஏலம் போகிற உலகத்துப் பொருளை நீதிபதிகள் சாமான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் உண்மைதான் போலிருக்கிறது.

இன்னொன்று சிரிக்கிற விஷயமல்ல. நிஜத் துப்பாக்கிபோல் இருக்கிற பிரதியைத் தெருவில் நீட்டினால், எதிரே இருப்பவருக்கு அது பொம்மை என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் 1988-ல் செய்த சட்டத்தின்படி, பொம்மைத் துப்பாக்கியின் வாயில் ஆரஞ்சு நிற அடைப்பு வேண்டும். இங்கிலாந்தில் 2006-ஆம் வருஷத்துச் சட்டம் நிஜம்போல் இருக்கும் போலித் துப்பாக்கிகளைச் செய்வதையும் விற்பதையும் தடை செய்து, சினிமா, நாடகம், காட்சிச்சாலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இங்கே வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் சுங்க இலாகாவிலும் போலீஸிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். வாங்கினாலும் கண்ணாடிப் பெட்டிதான் அதன் வீடு. பஸ் ஸ்டாண்டு அல்ல.

நம் வீட்டுப் பரண்

"இதெல்லாம் மேல்நாட்டுப் பணக்காரப் பைத்தியம்!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மறுபடியும் திருவண்ணாமலை ஜில்லாவுக்கே வருவோம். இது தெருக்கூத்தின் சீமை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் பிறந்து ஆடிய புரிசை இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து.

விடிய விடியச் சுழன்று ஆடுகிற துரியோதனனுக்குத் தங்கக் கிரீடம் வைத்தால் கழுத்து என்ன ஆகும்? ஆகவே கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக் கட்டையும் மார்பதக்கமும் செதுக்கினார்கள். மேலே வர்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டினார்கள். கிட்டே பார்த்தால் மரமும் கண்ணாடிச் சில்லும்தான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுழல் சுழன்றால் அஸ்தினாபுரத்து நவரத்தினம்! வீமனின் கதையும் அர்ச்சுனனின் வில்லும் அந்தக் கையில்தான் ஆயுதமாகின்றன.

லண்டனில் கால்குலேட்டர் குமிழைச் செருகினவருக்கும், நம் ஊரில் கண்ணாடிச் சில்லைப் பதித்த ஆசாரிக்கும் தெரிந்த ரகசியம் ஒன்றே. வெளிச்சத்தில் மின்னுகிற இடத்தை மின்ன வை. மற்றதைப் பார்க்கிறவர் மனசு பார்த்துக்கொள்ளும்.

பிறகு எங்கே வித்தியாசம்? அங்கே ஒரு குழாய்த் திருகு எந்தக் கம்பெனியின் திருகு என்று கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே, பரணில் கிடக்கிற பாட்டனார் காலத்துக் கிரீடத்தைச் செதுக்கினது யார் என்று கேட்டால் எத்தனை வீட்டில் பதில் வரும்? நம் எம்.ஜி.ஆர். 1963-லேயே 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்துக்குப் போய்வந்தவர். அந்தப் படத்துச் சாமான் ஒன்றையாவது அளந்து வைத்த ரசிகர் உண்டா? முருங்கை மரம் மெல்லிய மரம். உளு அரிக்க அதற்கு அதிக நாள் ஆகாது.

எட்டுக் கோடி ரூபாய் வேண்டாம். பழைய கூத்துச் சாமானோ நாடகச் சாமானோ வீட்டில் இருந்தால், வெயிலில் வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து எடுங்கள். நீளம், அகலம், கனம், மரம், செய்தவர் பேர், ஆடினவர் பேர், ஏறக்குறைய எந்த வருஷம், இவ்வளவும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு மத்தியான வேலை.

பின்னால் ஒரு பையன் அந்த நோட்டைப் பார்த்து, மரத்தை எடுத்து, உளியைப் பிடிப்பான். அவன் செய்வது பிரதிதான். ஆனால் அளவு இருந்தால்தான் பிரதி. அளவும் போய்விட்டால் வெறும் ஞாபகம். ஞாபகம் வார்ப்பைவிட வேகமாகச் சுருங்கும்.