சுவர் வெளுப்பதும் கால் வெளுப்பதும்

போகிக்கு முந்தின வாரம் தெருவில் பாதி வீடுகளின் சாமான்கள் திண்ணைக்கு வந்துவிடும். உள்ளே வெள்ளையடிப்பு. வாளி நிறையச் சுண்ணாம்பு, நுனியை நசுக்கி நாராக்கிய மட்டை, தரையெங்கும் சொட்டு. முதல் தடவை வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு இது பெரிய ஏமாற்றம். அடித்த இடம் வெளுக்கவே வெளுக்காது. பழைய எண்ணெய்க் கறை, பென்சில் கிறுக்கல், போன வருடம் அடித்த ஆணியின் ஓட்டை எல்லாம் அப்படியே தெரியும். கூடுதலாக ஈரம், அவ்வளவுதான்.

“என்னண்ணே, வெறும் தண்ணிய அடிச்சிட்டுப் போறீங்க?”

“காயட்டும் தம்பி. சாயங்காலம் வந்து பாரு.”

சாயங்காலம் போய்ப் பார்த்தால் கண் கூசும்.

அதே மாதத்தில் இன்னொரு வெளுப்பும் நடக்கிறது, உங்கள் முழங்காலுக்குக் கீழே. கணுக்காலுக்கு மேல் நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும். வகுப்பில் வாத்தியார் பாடம் நடத்தும்போது காலில் பெயர் எழுதி விளையாடாத பிள்ளை உண்டா? எச்சில் தொட்டுத் தடவினால் பெயர் மறையும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

சுவரின் வெள்ளையும் காலின் வெள்ளையும் ஒரே வெள்ளைதான். சுவரில் தொடங்கிக் காலுக்கு வருவோம்.

சுண்ணாம்புக் கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் போட்டுச் சுடுகிறார்கள். ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வாயு வெளியேறிவிடுகிறது. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிராம் சுட்டால் மிஞ்சுவது 56 கிராம்தான். மீதி 44 கிராமும் காற்றோடு போய்விடுகிறது! மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும். இதற்குச் சுண்ணாம்பை நீற்றுவது என்று பெயர். நீற்றும்போது எட்டி நின்று பாருங்கள். தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆறிய பிறகும் அது கடுங்காரம். கையில் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்றுவிடும். வெள்ளையடிக்க வருகிறவர்கள் வேலை தொடங்கும் முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும், காளவாயில் நடந்தது தலைகீழாக நடக்கிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போகிறது. நாளாக ஆக, சுவர்மேல் இருப்பது பழையபடி சுண்ணாம்புக் கல்லாகிவிடுகிறது. நீங்கள் சாய்ந்து நிற்பது, கரைத்துத் தடவிய மெல்லிய கல்தகட்டின் மேல்.

ஆனால் இது மெதுவாக, நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கிற வேலை. சாயங்காலத்துக்குள் சுவர் வெளுத்ததற்கு இது காரணமாக இருக்க முடியாது. அதற்கு வேறு காரணம் வேண்டும்.

சுண்ணாம்புக் கல் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருள் இயற்கையில் பெரிய படிகமாகவும் கிடைக்கிறது. ஐஸ்லாந்தில் கிடைத்த படிகங்கள் பேர்போனவை. அவை வெள்ளை இல்லை, கண்ணாடிபோலத் தெளிவானவை. புத்தகத்தின் மேல் வைத்தால் எழுத்து தெரியும், அதுவும் இரண்டிரண்டாக! ஆக, அந்தப் பொருளுக்கு நிறமே கிடையாது. அப்படியானால் சுவரில் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

சமையலறையில் இரண்டு கல் உப்பை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரளவு ஊடுருவித் தெரியும். அதையே அம்மியில் வைத்து நுணுக்கினால் வெள்ளைப் பொடி. உப்பு மாறவில்லை. நடுவே காற்று புகுந்திருக்கிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் போகும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்பி வருகிறது, மீதி வளைந்து உள்ளே போகிறது. நுணுக்கிய உப்பில் உப்பு–காற்று, காற்று–உப்பு என்று ஆயிரக்கணக்கான எல்லைகள். போன ஒளி எல்லாம் முட்டி மோதி, நாலா பக்கமும் சிதறி வெளியே வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பாகுபாடு இல்லாமல் எல்லாமே திரும்பி வந்தால் நம் கண்ணுக்கு அது வெள்ளை.

எல்லையில் எவ்வளவு ஒளி திரும்பும் என்பது இரண்டு பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. ஒளிவிலகல் எண் என்பார்கள். காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33. தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45. சுண்ணாம்புத் துகளுக்கு ஏறத்தாழ 1.6. ஈரச் சுவரில் துகள்களின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது. 1.6-க்கும் 1.33-க்கும் வேறுபாடு குறைவு. ஒளி அதிகம் சிதறாமல் உள்ளே போய்ப் பழைய சுவரைத் தொட்டுத் திரும்புகிறது. பழைய கறையும் தெரிகிறது. தண்ணீர் காய்ந்து அந்த இடுக்கில் காற்று புகுந்ததும் வேறுபாடு கூடிவிடுகிறது. ஒளி மேலேயே சிதறித் திரும்புகிறது, கறை மறைகிறது. வாளியிலிருந்து வந்தது சுண்ணாம்பு. வெள்ளையைக் கொடுத்தது காற்று.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்க்கலாம். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்ததும் பளிச்சென்று கறுத்துவிடும். காய்ந்ததும் சாக்குக் கட்டியின் வெள்ளைத் தீற்றல்கள் திரும்ப எழும். தூள் அங்கேயேதான் இருந்தது, தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு.

(சுண்ணாம்பில் ஏன் நீலப்பொடி கலக்கிறார்கள் என்று கேட்பீர்கள். சுண்ணாம்பில் இருக்கும் கசடு நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். சுவர் லேசாக மஞ்சள் தட்டும். துளி நீலம் சேர்த்தால் அந்தக் குறை சரியாகும். அளவு மீறினால் வீடு வானமாகிவிடும். எங்கள் ஊரில் அப்படி இரண்டு வானங்கள் உண்டு.)

இப்போது காலுக்கு வருவோம்.

நம் தோலின் மேல்பரப்பு உயிரில்லாதது. கெரட்டின் என்னும் புரதம் நிரம்பிய, தட்டையான செத்த செல்கள் 15, 20 அடுக்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்தும் 0.02 மில்லிமீட்டர் கனம்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் இதைவிடப் பல மடங்கு. செல்கள் செங்கல் என்றால், இடையில் கலவையாக நிற்பது செராமைடு, கொலஸ்ட்ரால் முதலிய கொழுப்புகள். உடம்பின் தண்ணீர் வெளியே ஓடிவிடாமல் காப்பது அந்தக் கலவைதான். கீழிருந்து புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேல் அடுக்கு முழுவதும் புதிதாகிவிடும்.

மேலே வந்த பழைய செல்கள் ஒவ்வொன்றாக உதிர வேண்டும். அவற்றின் பிடியை அறுத்துவிட நொதிகள் இருக்கின்றன. அந்த நொதிகளுக்கு வேலை செய்யத் தண்ணீர் தேவை. மேல் அடுக்கில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே போனால் செல்கள் விறைத்துப்போகின்றன; தனித்தனியாக உதிராமல் கூட்டமாகச் செதில் செதிலாகக் கிளம்புகின்றன. கிளம்பிய செதிலுக்கு அடியில் காற்று. நீங்கள் நகத்தால் கீறும்போது இன்னும் பல செதில்களைத் தூக்கிவிடுகிறீர்கள். அவ்வளவுதான், வெள்ளைக் கோடு தயார். காலில் சுண்ணாம்பு எதுவும் இல்லை. சுவரில் நடந்தது அப்படியே காலிலும் நடந்திருக்கிறது.

மார்கழியில் விடியற்காலையில் பனி கொட்டுகிறதே, காற்றில் ஈரம் இல்லாமலா என்று கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள். பனி நிறைந்த 18 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 15 கிராம் நீராவி இருக்கும். அதற்கு மேல் தாங்காது. அதே காற்று மத்தியானம் 30 டிகிரிக்குச் சூடாகும்போது 30 கிராம் வரை தாங்கும். இருப்பதோ அதே 15. மிச்ச இடத்தை நிரப்பக் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீரை இழுக்கும்: கொடியில் காயும் துணி, குளம், உங்கள் கால். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் கூட என்பதால் தொல்லை குறைவு. தேனி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

உதட்டின் பாடு இன்னும் மோசம். அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை, தோலும் மெல்லிசு. வெடிக்கிறதே என்று நாக்கால் தடவினால் எச்சில் காயும்போது தோல் இன்னும் வறண்டு போகும். தடவத் தடவ வெடிப்பு கூடும். கொஞ்சம் நெய்யோ வாஸ்லினோ போதும்.

எண்ணெய் தடவியதும் காலின் வெள்ளை சட்டென்று போய்விடுகிறது. செதிலின் இடுக்கில் காற்று இருந்த இடத்துக்கு எண்ணெய் வந்துவிடுகிறது. தோலின் மேல் அடுக்குக்கு ஒளிவிலகல் எண் 1.55 பக்கம், எண்ணெய்க்கு 1.45. கிட்டத்தட்ட சமம். ஒளி சிதற வழியில்லை. பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிவதும் இதனால்தான். தாள் நாரின் இடுக்கில் காற்று போய் எண்ணெய் வந்துவிட்டது.

ஆனால் எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் மூடி போடுகிறது, அவ்வளவே. அதனால் வறண்ட காலில் தடவுவதைவிட, குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்ததும் ஈரம் இருக்கும்போதே தடவுவது நல்லது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், நுரை நுரையாகச் சோப்பும் கலவைக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பனிக்காலத்தில் இரண்டையும் குறைக்க வேண்டும். அப்போது பார்த்துத் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். அது உறைவது 24 டிகிரி வாக்கில். நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையாது. பாட்டி பாட்டிலை வெயிலில் வைப்பார். நீங்கள் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தாலே உடம்புச் சூட்டில் உருகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தோலின் உண்மையான நிறம் மெலனின் என்னும் நிறமியால் வருகிறது. காலில் தெரியும் சாம்பல் வெளுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கறுத்த தோலில் அது எடுப்பாகத் தெரிகிறது, வெளுத்த தோலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. வறட்சி இருவருக்கும் ஒன்றே. முகத்தை வெளுக்க வைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வெள்ளையடிப்பது சுவருக்கு!

இப்போதைய வீடுகளில் சுண்ணாம்பு குறைந்துவிட்டது. பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே எமல்ஷன் பெயின்ட் அடிக்கிறார்கள். மழையில் நனைந்தாலும் நல்ல வெள்ளைப் பெயின்ட் மங்குவதில்லை. பெயின்டில் துகள்களைச் சுற்றிக் காற்று இல்லை, பிசின்தான் இருக்கிறது. பிசினின் எண் 1.5 வாக்கில். அதில் சாக்குப் பொடியைக் கலந்தால் வெள்ளை வராது, மங்கிப்போகும். ஜன்னல் கண்ணாடி பதிக்க ஆளிவிதை எண்ணெயில் சாக்குப் பொடியைப் பிசைந்து ஒரு பட்டி செய்வார்கள். அது அழுக்கு நிறத்தில்தான் இருக்கும். ஆகவே பெயின்டுக்கு எண் மிக அதிகமான ஒரு பொருள் வேண்டும். அதுதான் டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதன் எண் 2.7, வைரத்துக்கே 2.42தான்! 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பெயின்டில் வெள்ளைக்குப் பெரிதும் பயன்பட்டது ஈய வெள்ளை, அதாவது விஷம்.

டைட்டானியத்தின் தாது நம் ஊரிலேயே கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பாகத் தெரிவதில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. இரும்பை நீக்கிச் சுத்தம் செய்தால் அந்தக் கரியமணலிலிருந்து உலகத்தின் மிக வெள்ளையான பொடிகளில் ஒன்று கிடைக்கிறது.

அதே பொடிதான் கோடையில் தடவும் பல சன்ஸ்கிரீன் களிம்புகளிலும் இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர்களை அது விழுங்கிக்கொள்ளும், கொஞ்சத்தைச் சிதறடிக்கும். இன்னொரு வெள்ளைப் பொடியான துத்தநாக ஆக்ஸைடும் அதே வேலையைச் செய்யும். வேர்க்குருவுக்குத் தடவும் கேலமைனில் இருப்பதும் துத்தநாக ஆக்ஸைடுதான். சிறிது இரும்பு ஆக்ஸைடு சேர்வதால் அதற்கு அந்த இளஞ்சிவப்பு. (வேர்க்குரு வருவது வியர்வைக் குழாய் அடைபடுவதால். பருத்திச் சட்டையும் காற்றோட்டமும்தான் முதல் மருந்து.)

பெயின்டில் முகத்தைத் தோய்த்ததுபோல் ஆகாதா என்றால், முன்பெல்லாம் அப்படித்தான் ஆனது. கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொண்டு ஆடிய பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு துகளைச் சிறிதாக்கினார்கள். பெயின்டுக்கான டைட்டானியத் துகள் 200 முதல் 300 நானோமீட்டர். நாம் காணும் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும் அளவு. சன்ஸ்கிரீனுக்கு அதை 100 நானோமீட்டருக்கும் கீழே நுணுக்குகிறார்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் தடையில்லாமல் போய்வருகிறது. புறஊதா மட்டும் மாட்டிக்கொள்கிறது. முகத்தில் பூசியிருப்பது பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகத் தெரியாது. ஆனாலும் உச்சி வெயிலில் பம்பரம் விளையாட இது அனுமதிச் சீட்டு இல்லை. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை மரத்தடியே மேல். களிம்பைப்போல் வியர்வையில் அது வழிந்துவிடாது.