மொழித் தேர்வு: அளவுகோலா, வாயிற்கதவா?

1

‘உனக்கு இந்த மொழி தெரியுமா’ என்று கேட்பதும் ‘நீ யார்’ என்று கேட்பதும் ஒன்றாகிப்போன சந்தர்ப்பங்கள் வரலாற்றில் நிறைய. பழைய ஏற்பாட்டில், நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. போரில் தோற்று ஓடிவருகிற எப்பிராயீமர்களை யோர்தான் துறையில் கிலேயாத்தியர் மறித்து, ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். நாக்கு வளையாமல் ‘சிபோலேத்’ என்றவனை அங்கேயே வெட்டிப் போடுகிறார்கள். செத்தவர் தொகை 42,000 என்கிறது அந்நூல். ஒரே கேள்வி, ஒரே ஒலி. விடைத்தாள் திருத்த நேரமே பிடிக்காத தேர்வு. மொழித் தேர்வு பற்றி எழுதுகிற ஆய்வாளர்கள் பலரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லிவிட்டு, அதெல்லாம் அந்தக் காலம், இப்போ எல்லாம் விஞ்ஞானம்தானே என்று நகர்ந்துவிட முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு முன், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

2

மொழித் தேர்வைத் தனித் துறையாக நிறுவிய நூல்களில் ஒன்று ராபர்ட் லாடோ 1961இல் வெளியிட்டது. அமைப்பு மொழியியலும் நடத்தையியலும் கோலோச்சிய காலம் அது. மொழி என்பது ஒலிகள், உருபுகள், தொடரமைப்புகள் என்ற துண்டுகளின் தொகுதி. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதித்துக் கூட்டினால் மொழியறிவு கிடைத்துவிடும் என்பது அடிப்படை எண்ணம். தாய்மொழிக்கும் இரண்டாம் மொழிக்கும் எங்கே வேறுபாடோ அங்கேதான் சிக்கல், ஆகவே அங்கே சோதி என்றார் லாடோ. நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற நம் பரிச்சயமான கேள்வித்தாள் செழித்தது இந்த மண்ணில்தான்.

இதை அசைத்தவை கற்றல் பற்றிய ஆய்வுகள். 1967இல் பிட் கோர்டர், கற்பவர் செய்யும் பிழை வெறும் குறைபாடு இல்லை, அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விதியின் தடயம் என்றார். 1972இல் லாரி செலிங்கர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: இடைமொழி. கற்பவரிடம் இருப்பது அரைகுறை ஆங்கிலமோ அரைகுறை ஜெர்மனோ இல்லை; தாய்மொழியிலும் சேராத, இலக்கு மொழியிலும் சேராத, ஆனால் தனக்கென்று ஒழுங்குள்ள ஒரு மொழி.

ஓர் உதாரணம். ஆங்கிலம் கற்கும் பிள்ளை முதலில் ‘வென்ட்’ என்று சரியாகவே சொல்கிறது. காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்ட சொல் அது. சில மாதம் கழித்து, ‘கோட்’ என்கிறது. ‘கோ’வுடன் இறந்தகால விகுதியைத் தானாகவே ஒட்டிவிட்டது. இன்னும் கொஞ்சக் காலம் போனதும் மறுபடி ‘வென்ட்’. இப்போது இரண்டாவது கட்டத்தில் தேர்வு வைத்தால் என்ன ஆகும்? முதல் கட்டத்தில் முழு மதிப்பெண், இரண்டாவதில் பூஜ்யம். பிள்ளைக்கு இருந்ததும் போச்சு என்று அப்பா அம்மா பதறுவார்கள். நடந்திருப்பதோ நேர்மாறு. முன்பு ஒரு சொல்லைத் தெரிந்துவைத்திருந்த பிள்ளை இப்போது ஒரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறது. வளர்ச்சியைத் தேர்வு வீழ்ச்சியாகப் பதிவு செய்கிறது. கற்றல் நேர்கோட்டில் ஏறுவதில்லை. மதிப்பெண் பட்டியலுக்கோ நேர்கோட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மொழித்திறன் என்பதே என்ன என்பதிலும் தகராறு. துண்டுகளை மறுத்த ஜான் ஆலர், 1970களில், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொதுத் திறன்தான் இருக்கிறது என்று வாதிட்டார். பின்னர் எதிர்ச் சான்றுகள் வந்தபோது அந்தக் கடுமையான நிலைப்பாட்டை அவரே கைவிட்டார். 1980இல் கேனலும் ஸ்வெய்னும் இலக்கணத்தோடு, யாரிடம் எப்படிப் பேசுவது என்ற சமூக அறிவையும், சொல் கிடைக்காதபோது சமாளிக்கும் உத்தியையும் திறனுக்குள் சேர்த்தார்கள். ஆக, அளக்கப்படும் பொருளே இருபது வருடத்தில் மூன்று தடவை மாறியிருக்கிறது. தராசு மட்டும் துல்லியம் என்று சாதிப்பது எப்படி?

3

சரி, நல்ல தேர்வு வைத்தால் நல்ல கற்பித்தல் தானாக வந்துவிடாதா? தேர்வு திரும்பிவந்து வகுப்பறையைத் தாக்குவதைப் பின்னலை என்று சொல்லலாம். இதைப் பற்றிப் பலரும் பேசினார்கள், போய்ப் பார்த்தவர்கள் குறைவு. போய்ப் பார்த்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று இலங்கையில் நடந்தது. அங்கே க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத்துக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பேச்சும் வாசிப்பும் அன்றாடப் பயன்பாடும் அவற்றின் நோக்கம். அதற்கேற்ற புதிய பரீட்சை 1988இல் வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வாலும் சார்லஸ் ஆல்டர்சனும், உள்ளூர் ஆசிரியர்களைப் பார்வையாளர்களாகக் கொண்டு வகுப்புகளைத் தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

பரீட்சை, *எதைக்* கற்பிக்கிறார்கள் என்பதை மாற்றியிருந்தது. பரீட்சையில் வராத பகுதிகள் ஓரங்கட்டப்பட்டன. பரீட்சை நெருங்க நெருங்கப் பாடநூலே மூடப்பட்டு மாதிரித்தாள்கள் மேசைக்கு வந்தன. ஆனால், *எப்படிக்* கற்பிக்கிறார்கள் என்பதை அது மாற்றவில்லை. புதிய நூலின் நோக்கம் பல ஆசிரியர்களுக்கு விளக்கப்படவே இல்லை, பயிற்சியும் போதவில்லை. பரீட்சை ஒரு வாத்தியாரைப் பயமுறுத்தலாம், அவருக்குத் தெரியாததைக் கற்றுக்கொடுக்க அதனால் ஆகாது. தேர்வைத் திருத்தினால் கல்வி திருந்திவிடும் என்று நம்புகிற அமைச்சகங்கள் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் உண்டு.

4

இதுவரை வகுப்பறை. இனி எல்லைச்சாவடி. ஆஸ்திரேலியா 1901இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. ‘வெள்ளையர் மட்டும்’ என்று சட்டத்தில் எழுதவில்லை. அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் அளவுள்ள பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று மட்டுமே எழுதியது. எந்த மொழி என்பது அதிகாரி கையில். ஆங்கிலம் தெரிந்தவனா, வேறொன்றைக் கொடு! 1909க்குப் பிறகு இதில் யாருமே தேறவில்லை. 1934இல் எகோன் கிஷ் என்ற பிராகா நகரத்துப் பாசிச எதிர்ப்புப் பத்திரிகையாளர் வந்து இறங்கினார். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர் என்பதால் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அது ஆகாது என்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தேர்வு முறை ஒழிந்தது 1958இல்.

நமக்கு நெருக்கமானது இலங்கையின் 1956 ஆட்சிமொழிச் சட்டம். சிங்களம் மட்டும் என்றானபின் தமிழ் அரச ஊழியர்கள் சிங்களத் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை. இவ்வாறு உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் 1962இல் வழக்குத் தொடர்ந்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் அதைத் தள்ளியது. லண்டன் பிரிவிக் கவுன்சில் 1969இல் அந்தக் காரணத்தை நிராகரித்தது. ஆனால் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது, கேள்வி விடையில்லாமலே மடிந்தது. அந்தத் தேர்வுத்தாள் தரமானதா, திருத்தம் நேர்மையானதா என்று விசாரிப்பதில் பயனே இல்லை. பத்து வருடமாக அதே மேசையில் வேலை பார்த்தவரை, அந்த வேலைக்குத் தகுதியானவரா என்று திடீரென்று மொழியால் கேட்டதே அங்கு அநீதி.

பழைய கதை என்று இதையும் தள்ள வேண்டாம். நெதர்லாந்து 2006இல், குடும்பத்தோடு சேர வருகிறவர்கள் சொந்த நாட்டிலிருந்தே டச்சு மொழித் தேர்வில் தேற வேண்டும் என்றது. தொடக்கத்தில் அது தொலைபேசியில் நடந்தது, மதிப்பெண் போட்டது கணினி. அமெரிக்கர், ஆஸ்திரேலியர், ஜப்பானியருக்கு விலக்கு. டச்சு தெரியாத அமெரிக்கரால் வராத ஆபத்து மொராக்கோக்காரரால் மட்டும் எப்படி வருகிறது? விலக்குப் பட்டியலைப் படித்தாலே தேர்வு எதை வடிகட்டுகிறது என்பது புரிந்துவிடும், கேள்வித்தாளைப் பார்க்கவே வேண்டாம்.

5

சாமுவேல் மெசிக் 1989இல் சொன்னது இங்கே உதவும். ஏற்புடைமை தேர்வின் குணம் இல்லை. மதிப்பெண்ணுக்கு நாம் தருகிற பொருளும் அதை வைத்துச் செய்கிற காரியமும்தான் ஏற்புடையதா என்று சோதிக்கப்பட வேண்டும், விளைவுகள் உட்பட. எலானா ஷொஹாமி, டிம் மெக்னமாரா போன்றோர் இதிலிருந்தே தேர்வின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டார்கள்.

அப்போ தேர்வே வேண்டாமா? அப்படிச் சொல்வது சுலபம். தேர்வை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு சிபாரிசும் சாதியும் பணமும் வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே, ஒவ்வொரு மதிப்பெண்ணிடமும் சில கேள்விகளைக் கேட்கலாம். தேர்ச்சிக் கோட்டை இழுத்தது யார், மொழியறிந்தவரா, ஆள் குறைக்க நினைத்த நிர்வாகமா? அளவைப் பிழை எந்தத் தேர்விலும் உண்டு எனும்போது, கோட்டுக்கு அரைப்புள்ளி கீழே நிற்பவரை என்ன செய்கிறார்கள்? கேட்கப்படும் மொழி அந்த வேலைக்கு, அந்த வாழ்க்கைக்கு உண்மையில் தேவையா? யாருக்கு விலக்கு? தோற்றவருக்குக் கற்றுக்கொள்ள வகுப்பு இருக்கிறதா, அல்லது தோல்விதான் எதிர்பார்க்கப்பட்ட விடையா?

இவற்றுக்குப் பதில் சொல்ல முடிகிற தேர்வை அளவுகோல் என்று ஒத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். பதில் சொல்ல மறுக்கிற தேர்வு யோர்தான் துறையில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.