மூக்கில் இருக்கிறது பிரெஞ்சு

உறையூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு ஆறு வயது. அக்கா குடும்பம் பாரிஸில் இருக்கிறதாம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக வராது, இவளுக்கு பிரெஞ்சு வராது. ஆடி மாதம் லீவுக்கு வந்தால் கையையும் காலையும் ஆட்டியே விளையாடி முடித்துவிடுகிறார்களாம். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம் அம்மா. விளையாட்டுதான் ஏற்கெனவே நடக்கிறதே, அதற்குள் நாலு சொல்லைப் போட்டால் போதும்.

நம் தெருவில் ஆடும் பாண்டிக்கு பிரான்சில் ‘மரேல்’ என்று பெயர். கட்டம் கீறி, சில்லை எறிந்து, ஒற்றைக்காலில் நொண்டிப் போவதெல்லாம் ஒன்றேதான். ஆனால் அங்கே அடிக்கட்டத்தில் ‘பூமி’ என்றும் உச்சியில் ‘வானம்’ என்றும் எழுதுவார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டியோடு கண்விழித்துப் பரமபதம் ஆடிய ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் அஞ்சாங்கல்தான் அவர்களுக்கு ‘ஒஸ்லே’; முன்பு கல்லுக்குப் பதில் ஆட்டின் கணுக்கால் எலும்பு ஐந்தை வைத்து ஆடினார்கள். கல்லா மண்ணாவின் உறவுக்காரன் ‘ஷா பெர்ஷே’, மேலே ஏறிய பூனை. உயரத்தில் நிற்பவரைப் பிடிக்கக் கூடாது.

எனக்குப் பிடித்தது ‘பிழோன் வோல்’, அதாவது ‘புறா பறக்கும்’. ஒருவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ‘வோல்’ என்று முடிப்பார். பறப்பதாக இருந்தால் கையைத் தூக்க வேண்டும். யானைக்கும் செருப்புக்கும் கையைத் தூக்கியவர் அவுட். காக்காயையும் கொக்கையும் வைத்து இதே ஆட்டத்தை அத்தை வீட்டுத் திண்ணையில் நான் ஆடியிருக்கிறேன். ஒரு சாயங்காலத்தில் பதினைந்து, இருபது பெயர்கள் பிள்ளை வாயில் உட்கார்ந்துவிடும்.

விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் எதுவும் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரை என்ற வடிவத்துக்கே பெயர் வைத்தவர், 16ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் மொந்தேன். அவர் குழந்தையாக இருந்தபோது, பிரெஞ்சே தெரியாத ஒரு ஜெர்மன் ஆசிரியரை அப்பா வீட்டில் வைத்தார். அம்மா, வேலைக்காரர் உட்பட எல்லோரும் பிள்ளை எதிரில் லத்தீனில்தான் வாய் திறக்க வேண்டும் என்று கட்டளை. லத்தீன் தாய்மொழி போல வந்தது. பிறகு கிரேக்கத்தைக் கட்டம் போட்டு ஆடும் ஆட்டம் மாதிரிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார், அது ஒட்டவில்லை. மொந்தேன் தாமே இதை எழுதிவைத்திருக்கிறார். லத்தீனில் சோறு கேட்க வீட்டில் ஆள் இருந்தது, கிரேக்கத்துக்கு வெறும் ஆட்டம்தான் இருந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிரேக்கம்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் மகளுக்கு லத்தீன் வீடு மாதிரி, பாரிஸ் பிள்ளைகளே இருக்கிறார்கள்.

இனி நான் ஆசையாகச் சொல்ல வந்த விஷயம். பிரெஞ்சு என்றால் மூக்கால் பேசுவது என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நாம் பேசுவதும் மூக்கால்தான்.

‘இது என்ன மரம்?’ என்று வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது. ‘ம்’ என்று எழுதுகிறோமே தவிர, வாயில் வருவது மூக்கோடு கலந்த ஓர் ‘ஒ’. பணம், பழம், பாலம் எல்லாமே அப்படித்தான். பிரெஞ்சில் ‘நல்ல’ என்பதற்கான ‘பொன்’ என்ற சொல்லின் உயிர் இதுதான். ‘வந்தேன்’ என்கிறோம், நாக்கு மேலண்ணத்தைத் தொடுவதில்லை. ‘ஏ’ மூக்கு வழியாகப் போய்விடுகிறது. அந்த வாலை மட்டும் வெட்டி எடுத்து முன்னால் ஒரு ‘வ’ போட்டால் கிட்டத்தட்ட பிரெஞ்சு இருபது, ‘வேன்’. ‘வந்தான்’ என்பதன் வாலில் ‘ஸ’ போட்டால் நூறு, ‘ஸான்’.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் என் வீட்டுத் திண்ணைக்கு எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் பாடமே மூக்கைப் பிடிப்பதுதான். இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘அக்கா வந்தா’ என்று சொல்ல வேண்டும். கடைசி ஒலி தடையில்லாமல் வரும். அப்படியே பொத்திக்கொண்டு ‘தம்பி வந்தான்’ என்று பேச்சுத்தமிழில் சொன்னால் கடைசி ஒலி மாட்டிக்கொண்டு திணறும். பிள்ளைகள் அரை மணி நேரம் இதையே செய்து சிரிப்பார்கள், நானும் விட்டுவிடுவேன். வந்தது பெண்ணா ஆணா என்பதை அந்த மூக்குக் காற்று ஒன்றை வைத்தே நாம் பிரித்துவிடுகிறோம்! பிரெஞ்சில் ‘போ’ என்றால் அழகான. அதையே மூக்கில் விட்டால் ‘நல்ல’. இந்த வித்தியாசத்தை ஒரு தமிழ்க் குழந்தை பேச ஆரம்பித்தபோதே கற்றுக்கொண்டுவிட்டது. நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் நம் ‘த’வும் பிரெஞ்சின் ‘த’வும்கூட ஒன்றேதான். மூன்று என்பது ‘த்ருவா’. அந்த ‘ர’ மட்டும் தொண்டையிலிருந்து வர வேண்டும், கொப்பளிக்கிற மாதிரி; அது பழக நாளாகும், ஆகட்டும்.

ஆனால் பள்ளியில் பிரெஞ்சு படித்துவிட்டு வரும் பெரிய பிள்ளைகள் என்னிடம் ‘ட்ருவா’ என்கிறார்கள். ‘பொன்’னை நாக்கை அழுத்தித் தங்கம் மாதிரி முடிக்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியாகக் கற்றதன் விளைவு இது. 1752 ஜூனில் ழாக் லா தலைமையில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது இதே ஸ்ரீரங்கத்தில்தான். சண்டை முடிந்து இத்தனை காலம் ஆன பிறகும், பிரெஞ்சு நம் வகுப்பறைக்கு ஆங்கிலத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அதிலும் பிளஸ் டூவில் மார்க் நிறைய விழும் என்பதற்காகத் தமிழை விட்டுவிட்டு அதை எடுக்கிறார்கள். பிரெஞ்சுக்கு ஆயத்தமாக இருக்கும் வாயை மூடிவைத்துவிட்டு, பரீட்சைத்தாளில் எழுதி முடித்துவிட்டு வருகிறார்கள். நமக்கோ பேச்சுத்தமிழ் என்றாலே கொச்சை. ‘மரம் என்று உதட்டை மூடிச் சொல்’ என்று பிள்ளையைத் திருத்துகிறோம். அந்தக் கொச்சைக்குள்தான் இந்தச் சொத்து இருக்கிறது. எனக்கு இது மனத்தாங்கலாகவே இருக்கிறது.

கடை விளையாட்டில்தான் மூக்கு நன்றாகப் பழகும். ‘எவ்வளவு?’ என்பதற்கு பிரெஞ்சில் ‘கொம்பியேன்’. பணத்தின் ‘ஒ’ முன்னாலும் வந்தேனின் ‘ஏ’ பின்னாலும் இருக்கும் சொல். திண்ணைதான் காந்தி மார்க்கெட், புளியங்கொட்டைதான் காசு. வெட்டிவேர்க் கட்டு ஒன்று கட்டாயம் வைப்பேன், ஏனென்றால் அதை பிரெஞ்சிலும் ‘வெத்திவேர்’ என்றே சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்தான் அங்கே போயிருக்கிறது.

விலை அறுபதைத் தாண்டினால் விளையாட்டு சூடுபிடிக்கும். பிரான்சில் எழுபதுக்குத் தனிச்சொல் கிடையாது, ‘அறுபது பத்து’. எண்பது என்பது ‘காத்ர் வேன்’, நாலு இருபது. தொண்ணூற்றேழு என்றால் ‘நாலு இருபது பத்து ஏழு’. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்கள் வைத்துக்கொண்டார்கள், பிரான்ஸ் மாறவில்லை. பெரியவர்கள் இதைக் கேட்டுத் தலையில் கைவைப்பார்கள். பிள்ளைகள் பேசாமல் கொட்டையை இருபது இருபதாக நாலு குவியல் வைத்துவிட்டு, ‘இந்தா, எண்பது’ என்கிறார்கள். நூறு ஆகாத எண்ணுக்குள் ‘நூறு’ வைத்துத் தொண்ணூறு என்றும், ஆயிரம் ஆகாததைத் தொள்ளாயிரம் என்றும் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது என்ன பெரிய அதிசயம்?

போன மாதம் ஏழு வயதுக்காரி ஒருத்தி வெட்டிவேர்க் கட்டுக்கு முந்நூறு கொட்டை விலை சொன்னாள். ‘மூன்று நூறு’ என்பதுதான் இன்றைய பிரெஞ்சு. அவளுக்கு நூறு இன்னும் பழகவில்லை. குவியல்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, ‘கேன்ஸ் வேன்’ என்றாள், பதினைந்து இருபது. மற்ற பிள்ளைகள் தப்பு என்று கத்தினார்கள். நான் அவர்களை உட்காரச் சொன்னேன். 1260 வாக்கில் பிரான்சின் அரசர் ஒன்பதாம் லூயி, கண் தெரியாத முந்நூறு பேருக்காகப் பாரிஸில் ஓர் இல்லம் கட்டினார். அது இன்றும் கண் மருத்துவமனையாக நடக்கிறது. அதன் பெயர் கேன்ஸ் வேன்.