விலங்குப் பூங்காவில் திரைப்படத்திற்கு இடமுண்டா? – கேரி தீவிலிருந்து ஒரு பார்வை

2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ‘அவதார்’ வரிசையின் மூன்றாவது படம் திரைக்கு வந்தது. கிள்ளானில் அப்படத்தைப் பார்த்துவிட்டு, என் அக்காள் மகன் நேராகக் கேரி தீவிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்து சேர்ந்தான். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைத்திருந்தான். உலகிலுள்ள கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு அனைத்தும் அவனுக்கு அத்துப்படி. அம்மா கலக்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, வாசலுக்கு எதிரே வரிசை பிடித்து நிற்கும் செம்பனை மரங்களைப் பார்த்தான். “மாமா, இதையெல்லாம் எடுத்துட்டு இங்கேயே ஒரு பண்டோரா கட்டினா எப்படி இருக்கும்?” என்றான்.

“ஒரு காட்டை அழிச்சுத்தான்டா இந்தச் செம்பனையே வந்துச்சு. இதையும் அழிச்சுட்டுப் பொய்க்காடு கட்டப் போறியா?” என்றேன்.

அன்றிரவு தொடங்கிய வாக்குவாதம் மறுநாள் மதியம் வரை நீடித்தது. இத்தனைக்கும் அமெரிக்காவிலிருக்கும் அந்தப் பூங்காவுக்கு அவனும் போனதில்லை, நானும் போனதில்லை. போகாத ஊருக்கு இருவரும் வழி சொல்லிக்கொண்டிருந்தோம். ஆயினும், அந்த வாக்குவாதம் என்னைச் சற்று ஆழமாகத் தேடிப் படிக்க வைத்தது. படித்தவற்றையும், அதன்பின் நான் வந்தடைந்த கருத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சிக்கலின் தொடக்கம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனத்தின் ‘அனிமல் கிங்டம்’ எனும் பூங்கா 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் திறக்கப்பட்டது. அது உலகப் புவி நாள் என்பது குறிப்பிடத்தக்கது. பரப்பளவு ஏறத்தாழ 580 ஏக்கர். அதனுள் வண்டியில் சென்று ஆப்பிரிக்க விலங்குகளைக் காணும் பகுதி மட்டுமே ஏறத்தாழ 110 ஏக்கர். 1963-இல் உலு கிள்ளானில் திறக்கப்பட்ட நம் தேசிய விலங்குக்காட்சிசாலையின் மொத்தப் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று சொன்னால் அதன் அளவு விளங்கும். அங்கே விலங்குகளின் அமைதி கருதி வாண வேடிக்கை கிடையாது. விலங்குகளின் வயிற்றுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகக் குளிர்பானங்களுக்குப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கூடத் தருவதில்லை. இப்படியொரு பூங்காவைத்தான் அதன் இரசிகர்கள் மற்றக் கேளிக்கைப் பூங்காக்களிலிருந்து பிரித்துப் பார்த்தனர். கொஞ்சம் உயர்த்தியும் பார்த்தனர்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில், ‘அவதார்’ படத்தில் வரும் பண்டோரா எனும் கற்பனைத் துணைக்கோளை அப்பூங்காவிற்குள் உருவாக்கப்போவதாக டிஸ்னி அறிவித்தது. இரசிகர்களிடையே பெரும் சர்ச்சை வெடித்தது. யானையும் கொரில்லாவும் வாழுமிடத்தில் நீலநிற மனிதர்களுக்கு என்ன வேலை என்று ஒரு சாரார் கேட்டனர். வேறு சிலர், 2009-இல் வந்த ஒரே ஒரு படத்தை நம்பி இத்தனை பெரிய பகுதியைக் கட்டலாமா, நாளை அப்படத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்றனர். இன்னொரு சாராரோ அப்படம் சொல்வதே இயற்கையைக் காக்க வேண்டும் என்பதுதான், அதைவிடப் பொருத்தமான படம் எங்கே இருக்கிறது என்று வாதிட்டனர். (படத்தின் பெயரே நம் அவதாரம்தான். நீலமேனி நமக்கொன்றும் புதிதல்ல. ஆதலால் தமிழ் இரசிகர்களுக்கு அந்த அதிர்ச்சி சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.)

2014 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கி, 2017-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பண்டோரா திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12 ஏக்கரில் மிதக்கும் மலைகள், இரவில் ஒளிரும் செடிகொடிகள், பறக்கும் விலங்கின் முதுகில் ஏறிப் பறப்பது போன்ற ஒரு சவாரி. கேளிக்கைப் பூங்காத் துறையின் ஆண்டறிக்கைக் கணிப்பின்படி, 2016-இல் சுமார் 10.8 மில்லியனாக இருந்த வருகையாளர் எண்ணிக்கை 2017-இல் 12.5 மில்லியனாக உயர்ந்தது. நிறுவனத்தைப் பொறுத்தவரை வாதம் அத்தோடு முடிந்தது. இரசிகர்களுக்கு முடியவில்லை.

முதல் நாளிலிருந்தே இருந்த திரைப்படம்

நானும் முதலில் எதிர்ப்பவர் பக்கமே நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விலங்கு என்றால் விலங்கு. படம் என்றால் படம். இரண்டையும் ஏன் குழப்ப வேண்டும்? ஆனால், அப்பூங்காவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க என் நிலைப்பாடு ஆட்டம் கண்டது.

அப்பூங்காவின் நடுவில் 145 அடி உயரத்தில் ‘உயிர் மரம்’ ஒன்று நிற்கிறது. அது மரமே அன்று. கடலில் எண்ணெய் தோண்டப் பயன்படும் மேடையின் எஃகுச் சட்டத்தைப் போன்றதொரு கட்டமைப்பின் மேல் எழுப்பப்பட்டது. அதன் அடிமரத்தில் நூற்றுக்கணக்கான விலங்குகள் செதுக்கப்பட்டுள்ளன. அதனுள் தொடக்க நாளிலேயே காட்டப்பட்டது ‘எ பக்ஸ் லைஃப்’ என்ற கேலிச்சித்திரப் படத்தின் எறும்புகளை வைத்து எடுத்த காட்சி. படமோ அவ்வாண்டு நவம்பரில்தான் வெளிவந்தது! ‘லயன் கிங்’ ஆடல் பாடலும் 1998 முதலே உண்டு. தொன்மாக்களுக்கான சவாரியின் பெயரை, 2000-ஆம் ஆண்டில் வந்த ‘டைனோசர்’ படத்திற்காகவே மாற்றினார்கள். ஆகவே, தூய்மையான விலங்குப் பூங்காவிற்குள் திரைப்படம் திடீரென நுழைந்துவிட்டது என்ற வாதம் நிற்காது.

தவிர, கற்பனை விலங்குகளும் அப்பூங்காவின் தொடக்கத் திட்டத்திலேயே இருந்தன. திறப்பு விழாவில் அன்றைய தலைவர் மைக்கேல் ஐஸ்னர் உண்மையான விலங்குகள், பண்டைய விலங்குகள், கற்பனை விலங்குகள் மூன்றுக்கும் உரிய உலகம் இது என்ற பொருளில் பேசினார். பூங்காவின் சின்னத்தில்கூட யானையோடு ஒரு பறவைநாகமும் இருந்தது. அதற்கென்று திட்டமிட்டிருந்த பகுதியைப் பணம் போதாமல் கட்டாமலே விட்டுவிட்டனர்.

எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது வேறொன்று. பூங்காவின் ஆசியப் பகுதிக்கு ‘ஆனந்தபூர்’ என்று பெயர். அப்படியோர் ஊர் அங்கே சொல்லப்படும் வகையில் எங்குமே கிடையாது. இந்தியா, நேபாளம், தென்கிழக்காசியா ஆகியவற்றைக் கலந்து உருவாக்கியது. ஆப்பிரிக்கப் பகுதியின் ‘ஹராம்பே’யும் கற்பனை ஊரே. பண்டோரா பொய்யான இடம் என்று கொதித்த இரசிகர்கள் ஆனந்தபூரை மட்டும் ஏன் உண்மை என்று ஏற்றுக்கொண்டனர்? அங்கே வாழும் புலி உண்மையானது என்பதால். நிலம் பொய்யாக இருந்தாலும், அதில் நடக்கும் உயிர் மெய். பண்டோராவில் அந்த மெய்யுயிர் இல்லை. எதிர்ப்பாளர்கள் சொன்னவற்றுள் என்னால் இன்றுவரை மறுக்க முடியாத வாதம் இது ஒன்றே. சவாரிக்காக மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று வரிசையில் நின்ற மக்கள், அன்றைய பொழுதில் கொரில்லாவைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்கியிருப்பார்கள்?

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் விடவில்லை. “மாமா, ஜோ ரோடி என்ன செஞ்சார்னு பாருங்க” என்றான். ஜோ ரோடி அப்பூங்காவையும் பண்டோராவையும் வடிவமைத்த தலைமை வடிவமைப்பாளர். படத்தின் கதாநாயகனை அங்கே கொண்டுவந்து நிறுத்தாமல், படத்தில் நடந்த போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்தபின் உள்ள நிலமாக அதை அமைத்தார். சுரங்கம் தோண்டிக் கெடுத்த நிலம் மீண்டுவரும் காலம். வருகையாளர்கள் படம் பார்க்க வந்தவர்களல்லர். ஒரு காட்டைப் பார்க்க வந்த பயணிகள். மருமகன் சொன்னது சரிதான். எந்தப் படத்தைக் கொண்டுவருகிறோம் என்பதைவிட, அதை எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதே முக்கியம். நம் சன்வே லகூனில் 2016-இல் ‘நிக்கலோடியன்’ பகுதி திறந்தபின் ஒருமுறை நான் போயிருந்தேன். விலங்குகள் ஒரு பக்கம், கேலிச்சித்திரக் கடற்பாசி ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு அது குறையாகப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவின் புலி

மறுநாள் அவனை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுங்கை பும்புன் கிராமத்திற்குப் போனேன். கேரி தீவு பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல்: லங்காட் ஆற்றால் பெருநிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட இத்தீவு, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. சதுப்பும் காடுமாய் இருந்த நிலத்தில் ரப்பரும் பிறகு செம்பனையும் வந்தன; அவற்றோடு நம்மவர்களும் வந்தனர். அதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மா மெரி எனும் பூர்வகுடியினர். நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில், பக்கத்திலேயே இருந்த அவர்களைப் பற்றி ஒரு பாடம்கூட எங்களுக்கு நடந்ததில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்ததோடு எங்கள் உறவு நின்றது.

மா மெரி மக்கள் தம் மூதாதை ஆவிகளை ‘மோயாங்’ என்பர். ஆண்டுதோறும் மோயாங் திருநாளில் மர முகமூடி அணிந்து, நீப்பா ஓலையில் பின்னிய உடை உடுத்தி ஆடுவர். ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு கதை உண்டு. புலி, முதலை போன்றவற்றின் ஆவிகளையும் செதுக்குவர். அவற்றுள் பெயர்பெற்றது சங்கிலிப் புலி. புலியையும் அதன் சங்கிலி வளையங்களையும் ஒட்டாமல், பொருத்தாமல், ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்தெடுக்கிறார்கள். வளையத்தை அசைத்தால் அசையும்.

இத்தீவில் இன்று புலி இல்லை. தீபகற்ப மலேசியக் காடுகள் முழுவதிலும் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அப்படியானால் இங்கே செதுக்கப்படும் புலியும் பண்டோராவின் பறக்கும் விலங்கும் ஒன்றா? இரண்டும் கதை விலங்குகள்தாமே?

மருமகன்தான் இந்தக் கேள்வியைக் கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், எந்த மரம் என்று மலாயில் கேட்டேன். ‘நீரே பாத்து’ என்றார். கண்டல் காட்டில் வளரும் செந்நிற வன்மரம். முகமூடிக்குப் புலாய் எனும் மென்மரம். நீரே பாத்து இப்போது பக்கத்தில் கிடைப்பதில்லை, தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது என்றார்.

என் பதில் அவர் சொன்னதிலேயே இருந்தது. அந்தப் புலி கதைப்புலியாக இருக்கலாம். அதன் உடம்பு இத்தீவின் கண்டல் மரம். கண்டல் போனால் கதைப்புலியும் போகும். கற்பனைக்கும் மண்ணுக்கும் இடையே இங்கே கொடுக்கல் வாங்கல் உண்டு. பண்டோராவின் மலை எஃகாலும் சிமெண்டாலும் ஆனது; புளோரிடாவின் சதுப்பு நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அப்படியே மிதக்கும். விலங்குப் பூங்காவில் ஒரு திரைப்பட நிலம் பொருந்துமா என்று கேட்பவர்கள் இதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் கற்பனை, பக்கத்துக் கூண்டிலிருக்கும் உயிரையோ வெளியேயுள்ள மண்ணையோ தனக்குத் தேவையாக்கிக்கொள்கிறதா?

டிஸ்னிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. தன் கட்டுமானங்களால் அழியும் சதுப்பு நிலத்திற்கு ஈடாக, 1990-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் கிஸ்ஸிமி அருகே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. இன்றும் அது காப்பகமாக உள்ளது. சவாரி இல்லை, வரிசை இல்லை, இரசிகர்களின் வாதமும் இல்லை. பண்டோராவைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய என் மருமகனுக்கு அந்தக் காப்பகத்தின் பெயர் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

பூங்காவில் மாற்றங்கள் நிற்கவில்லை. உயிர் மரத்தினுள் ஓடிய எறும்புக் காட்சி 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, நவம்பரில் ‘ஸூடோப்பியா’ படத்தின் காட்சி வந்தது. தொன்மாக்களின் பகுதியைப் படிப்படியாக மூடி, ‘என்காண்டோ’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ ஆகிய படங்களின் நிலத்தை 2027-இல் திறக்கத் திட்டமிட்டுள்ளனர். இரசிகர்கள் மீண்டும் இரு அணியாகியுள்ளனர். இங்கே கேரி தீவிலோ, புதிய துறைமுகம் பற்றிய பேச்சு 2017-ஆம் ஆண்டளவிலிருந்தே வந்து வந்து போகிறது. கண்டல் கரை என்னாகும் என்று இரு அணியாகப் பிரிந்து வாதிட இத்தீவுக்கு அத்தனை இரசிகர்கள் இல்லை.

திரும்பும்போது மருமகன் சங்கிலிப் புலி ஒன்றின் விலையைக் கேட்டான். அவன் கையிலிருந்த பணத்திற்கு அது எட்டவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே அதை அவன் கையில் கொடுத்தார். அவன் படம் பிடிக்கவில்லை. வளையங்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலம் தாண்டும்போது பின்னாலிருந்து, “மாமா, அந்த மரம் இருக்கிற இடத்துக்குப் படகு போகுமா?” என்று கேட்டான்.