நகர விளக்குகளும் இரவு வானமும்

ஐதராபாத்தில் 1901-ஆம் ஆண்டு நவாப் ஜாபர் ஜங் தம் சொந்த முயற்சியால் நிஜாமியா வானாய்வுக்கூடத்தை நிறுவினார். 1908-இல் நிஜாம் அரசு ஏற்றுக்கொண்ட இக்கூடம், 1919-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. பல நாடுகள் வானத்தைப் பங்கிட்டு நிழற்படமெடுத்த பன்னாட்டுப் பணியில், பேகம்பேட்டையிலிருந்து ஏழரை லட்சத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் கணிக்கப்பட்டன.

நகரம் வளர, விளக்கொளியும் வளர்ந்தது. எனவே 1968-இல் நகருக்கு வெளியே சுமார் 55 கி.மீ. தொலைவில், ஜபால், ரங்காபூர் கிராமங்களுக்கருகே 48 அங்குலத் தொலைநோக்கி நிறுவப்பட்டது. பின்னர் வெளிவட்டச் சாலையும் புதிய குடியிருப்புகளும் அத்திசையிலும் பரவின. ஒளிக்கு அஞ்சி இடம்பெயர்ந்த ஆய்வுக்கூடத்தை, அதே நகரின் ஒளி பின்தொடர்ந்தது.

விலை மட்டும் போதாது

தரையில் விழ வேண்டிய ஒளி பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் சிதறுவதே ஒளி மாசு. இதனால் மின்சாரம் வீணாகிறது. பறவைகளும் பூச்சிகளும் திசை தடுமாறுகின்றன. மனிதரின் உறக்கமும் கெடுகிறது. ஆயின் இந்த இழப்பை விளக்கிட்டவர் ஏற்பதில்லை, அக்கம்பக்கத்தாரே ஏற்கின்றனர். பொருளாதாரத்தில் இதனைப் புறவிளைவு என்பர். இத்தகைய இடத்தில் விலை மட்டும் நெறிப்படுத்தாது. எல்.இ.டி. விளக்குகளால் செலவு குறைந்தபோது, மிச்சத்தின் ஒரு பகுதி கூடுதல் விளக்குகளாகவே மாறியது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் அளித்த விண்மீன் கணிப்புகளை ஆராய்ந்தபோது, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு மிகுந்தமை தெரியவந்தது.

விதிகள் எவை?

இதற்கான விதிகள் எளியவை. விளக்கின் ஒளி கிடைமட்டத்திற்கு மேலே செல்லாதவாறு மூடி அமைத்தல். தேவையான அளவு ஒளியை மட்டும் அனுமதித்தல். நீல ஒளி மிகுந்த வெண்விளக்குகளைத் தவிர்த்து, 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் விளக்குகளைப் பயன்படுத்துதல். விளம்பரப் பலகைகளையும் அலங்கார விளக்குகளையும் நள்ளிரவுக்குப் பின் அணைத்தல் ஆகியன.

அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இலேயே வணிகத் தேடொளி விளக்குகளைத் தடை செய்தது. பிரான்சு 2018-இல் நாடு தழுவிய ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் 2022-இல் லடாக்கின் ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கி.மீ. பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மக்கள் குறைந்த ஹன்லேயில் இயன்றது பெருநகரில் இயலுமா என்ற ஐயம் எழலாம். பெருநகரில் முழு இருளை எவரும் கோரவில்லை. பாதுகாப்புக்குக் குந்தகம் நேரும் என்ற அச்சத்திற்கும் இடமில்லை. கண்ணைக் கூசச்செய்யும் விளக்கு அருகிலுள்ள நிழலை மேலும் இருட்டாக்குகிறது. மூடியிட்ட விளக்கோ பாதையைத் தெளிவாகக் காட்டுகிறது.

கட்டிட அனுமதியும் மனைப்பிரிவு ஒப்புதலும் வழங்கும் வேளையே இவ்விதிகளைப் புகுத்த ஏற்ற தருணம். வரைபட நிலையில் மூடியிட்ட விளக்கைத் தெரிவு செய்ய ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கம்பம் நட்டபின் மாற்றுவதோ பெருஞ்செலவு. வானாய்வுக்கூடம் ஒருமுறை இடம் மாறலாம்; ஒவ்வொரு முறையும் விலகிச் செல்ல நிலம் இராது. விரியும் நகரின் அடுத்த வரைபடத்தில் சாலைக்கும் சாக்கடைக்கும் உள்ள இடம் இருளுக்கும் வேண்டும்.