பழைய முகம், புதிய இயந்திரம்: முதல் ஓட்டம் சொல்லும் வியாபாரப் பாடம்

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விலை பேசத் தொடங்கிய பின் அவர் சொல்வதெல்லாம் யோசித்துச் சொல்வது. முதல் வார்த்தை மட்டுமே மனதிலிருந்து தானாக வருவது.

ரோயல் என்பீல்ட் கம்பனி தனது 'கிளாசிக் 350' மோட்டார் சைக்கிளை முற்றாகப் புதுப்பித்து 2021 செப்டெம்பரில் இந்தியாவில் வெளியிட்டது. ஓட்டிப் பார்த்தவர்களின் முதல் வார்த்தை இரண்டு விதமாக இருந்தது. அதிர்வு போய்விட்டதே என்று ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். பழைய 'டக் டக்' சத்தம் குறைந்துவிட்டதே என்று மறு சாரார் கவலைப்பட்டார்கள். விசேஷம் என்னவென்றால், இரு சாராரும் பேசியது ஒரே இயந்திரத்தைப் பற்றித்தான்.

மூடப்படவிருந்த கம்பனி

இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் 1901இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த கம்பனி இது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் உற்பத்தி தொடங்கியது. பின்னர் இங்கிலாந்தில் தாய்க் கம்பனி மூடப்பட்டது. சென்னையில் மட்டும் புல்லட் தொடர்ந்து உற்பத்தியானது.

1994இல் ஐச்சர் குழுமம் இதனை வாங்கியது. 2000ஆம் ஆண்டளவில் மாத விற்பனை ஏறத்தாழ 2,000 தான். மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை. அப்போது இளைஞரான சித்தார்த்த லால் பொறுப்பை ஏற்றார். அவர் முன்னிருந்த கேள்வி எளிதானதல்ல. பழைய வண்டியை அப்படியே விட்டால், எண்ணெய் ஒழுகுகிறது, வழியில் நிற்கிறது என்று புதியவர்கள் வாங்கமாட்டார்கள். அடியோடு மாற்றினால், இருக்கின்ற கொஞ்சப் பேரும் போய்விடுவார்கள்.

அவர்கள் தோற்றத்தில் கை வைக்காமல் உள்ளே மாற்றினார்கள். கசிவு குறைந்த புதிய இயந்திரத்துடன், 1940களின் இறுதிக் கால வண்டி போன்ற தோற்றத்தில் 2009இல் 'கிளாசிக்' வந்தது. 2010இல் கம்பனியின் மொத்த விற்பனை ஏறத்தாழ 50,000. 2018/19 நிதியாண்டில் அது 8 இலட்சத்தைத் தாண்டியது.

ஆசனத்தில் ஏறியதும்

அப்படி நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கையே 2021இல் மீண்டும் பிரித்து மாற்றினார்கள். புதிய 349 சீசீ இயந்திரத்தில் அதிர்வைச் சமப்படுத்தும் தண்டு ஒன்று சேர்க்கப்பட்டது. சட்டகமும் புதிது.

ஓட்டியவர்கள் முதலில் கவனித்தது கையையும் காலையும்தான். முன்னைய வண்டியில் வேகம் கூடக் கூடக் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வருவது மங்கலாகத் தெரியும். இதில் அந்த நடுக்கம் பெருமளவு இல்லை. வளைவுகளில் வண்டி நிதானமாக நிற்கிறது. பிரேக் நம்பிக்கை தருகிறது. சுவிட்சுகளும் வர்ணப் பூச்சும் முன்னையதைவிடத் தரமானவை. பெற்றோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு சிறு திரையும் உண்டு.

குறைகளும் உடனே சொல்லப்பட்டன. எடை 195 கிலோ. நெரிசலில் தள்ளித் திருப்புவது சிரமம். வலு ஏறத்தாழ 20 குதிரைசக்தி. மணிக்கு 80, 90 கிலோ மீற்றரில் சுகமாக ஓடும் வண்டி 100ஐத் தாண்டினால் திணறுகிறது. பழையவர்களுக்குப் பெரிய குறை, கிக்கர் இல்லாதது. பற்றரி இறங்கினால் என்ன செய்வது என்பது அவர்களின் முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காலமே இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பை அழுத்தி, அம்பியர் மானியின் முள் நடுவே வரும்வரை மெதுவாக மிதித்து, பிறகுதான் ஓங்கி உதைக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தைக் கற்றுக்கொண்டவருக்கு அதுவே பெருமை.

சத்தத்தைக் கம்பனி மறந்துவிடவில்லை. 72 மில்லி மீற்றர் விட்டமும் 85.8 மில்லி மீற்றர் அடியும் கொண்ட நீள அடி இயந்திரத்தையே தொடர்ந்தார்கள். அதனால் 'டக் டக்' இன்றும் கேட்கிறது; முன்னையதைவிட மென்மையாகக் கேட்கிறது.

மற்றவர்கள் செய்தது

இங்கிலாந்தின் டிரயம்ப் கம்பனி தனது பழைய 'பொனவில்' பெயரில் 2001இல் புதிய வண்டி விட்டது. சில ஆண்டுகளின் பின் கணினி மூலம் எரிபொருள் செலுத்தும் முறைக்கு மாறியபோது, அந்தப் பாகத்தையே பழைய காபரேற்றர் போன்ற உருவத்தில் செய்து பொருத்தினார்கள். கண்ணுக்குப் பழையது, வேலைக்குப் புதியது.

இந்தியாவில் 'ஜாவா' என்ற பழைய பெயர் 2018 நவம்பரில் மீண்டும் வந்தது. மக்கள் முண்டியடித்துப் பதிவு செய்தார்கள். டிசம்பர் 25ஆம் திகதி இணையப் பதிவை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த செப்டெம்பர் வரைக்குமான வண்டிகள் முடிந்துவிட்டன. ஆனால் முதல் வண்டிகள் கைக்கு வந்தது 2019 மார்ச் கடைசியில்தான். பலருக்கு அந்த வண்டியின் முதல் அனுபவம் ஓட்டம் அல்ல, காத்திருப்பு. பழைய பெயர் ஆட்களைக் கடைவாசல் வரை கொண்டுவரும். சரக்குக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

எமது கடைகளுக்கு

எமது நாட்டில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வகை வண்டி வாங்க நினைப்பவர்கள் அரை மணி நேர ஓட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். உதிரிப்பாகம் கிடைக்குமா, பழுது பார்க்கத் தெரிந்த கராஜ் பக்கத்தில் உண்டா, திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் முதல் ஓட்டம் சொல்லாது.

வண்டி வாங்காதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வாப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை எதிலும் இரண்டு வகைப் பழமை இருக்கும். ஒன்று அந்தச் சத்தம் போன்றது: பெயர்ப்பலகை, பலகாரத்தின் கைப்பக்குவம், பெயர் சொல்லி விசாரிக்கும் பழக்கம். அதற்காகவே வாடிக்கையாளர் வருகிறார். மற்றது எண்ணெய்க் கசிவு போன்றது: பிழையான தராசு, பில் கொடுக்காமை, சரக்கு முடிந்த பின்னரே ஓடர் போடுவது. அதை அவர் எம்மீதுள்ள பிரியத்தால் பொறுத்துக்கொள்கிறார். அவருடைய மகன் பொறுக்கமாட்டான்.

இரண்டையும் ஒன்றென்று நினைத்து அப்படியே வைத்திருந்த கடைகள் மூடப்பட்டன. இரண்டையும் ஒன்றாகத் தூக்கியெறிந்து கண்ணாடியும் குளிரூட்டியும் போட்ட கடைகளிலும் பழைய முகங்கள் குறைந்தன. எது சத்தம், எது கசிவு என்று பிரித்துப் பார்ப்பதே முதலாளியின் வேலை. பார்க்கத் தெரியாவிட்டால், அடுத்து வாசலில் ஏறும் வாடிக்கையாளரின் முதல் வார்த்தையைக் கேளுங்கள்.